மூன்று விலைப்புள்ளி, ஒரே எழுத்துப்பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டத்தில் ஒரு ஊரிலிருந்து எழுதுகிறேன். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், அந்த உதவிபெறும் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர். பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை, என் பெயரையும் தயவுசெய்து போட வேண்டாம். யாரையும் மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

போன வருஷம் ஆனி மாதம் ஒரு கூட்டம். அங்கீகாரம் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும். அதில் உறுதிச் சான்று தர ஒரு பொறியாளரை அமர்த்த வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்லி, மூன்று விலைப்புள்ளிகளை எங்கள் முன்னால் வைத்தார். ஒன்று காரைக்குடி, ஒன்று தேவகோட்டை, இன்னொன்று திருப்பத்தூர். மூன்றும் வெவ்வேறு லெட்டர்பேட், வெவ்வேறு முத்திரை. நான் நாள் முழுக்க பில்லும் ரசீதும் பார்க்கிறவள், அதனால் கண் தானாக எழுத்தில்தான் போகும். மூன்றிலும் 'கட்டட உறுதித்தண்மை' என்று இருந்தது. 'தன்மை' என்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சுழி 'ண்'. மூன்று ஊரில் இருக்கும் மூன்று பேர், ஒரே சொல்லில், ஒரே எழுத்தில் தப்பு விட்டிருக்கிறார்கள்.

"சார், இது மூன்றும் ஒரே ஆள் அடித்த மாதிரி இருக்கே" என்று கேட்டேன். தலைமை ஆசிரியர் நல்ல மனுஷர், என் மகள் மேல் அக்கறை உள்ளவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முறைப்படி மூணு இருக்கணும்மா, இருக்கு. குறைஞ்ச விலைக்குக் குடுத்துட்டா ஆடிட்டுல ஒரு கேள்வியும் வராது" என்றார். நோட்டில் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

எங்கள் பள்ளிக் கட்டடத்தைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும். ஒரு பெரிய குடும்பம் தலைமுறைகளுக்கு முன்னால் தானமாகக் கொடுத்த இடம், செட்டிநாட்டு வீடு மாதிரியே கட்டியது. நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம், சுற்றிப் பட்டாலை என்கிற கூரையுள்ள தாழ்வாரம், அறைகள். சுவர் முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை கொட்டி, மேலே தட்டோடு பதித்தது. கம்பியும் கான்கிரீட்டும் அதில் கிடையாது. கான்கிரீட் கட்டடம் மட்டுமே பார்த்துப் பழகிய ஒருவருக்கு இது முற்றிலும் வேறு பாஷை.

வந்தவர் பைக்கில் வந்தார். வளவில் நின்று நாலு பக்கமும் போனில் படம் எடுத்தார். ஏணி கேட்கவில்லை, மாடிக்கு ஏறவில்லை, சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வடக்குப் பக்கச் சுவரில் ஓதம், அதாவது ஈரம், ஏறி சுண்ணாம்பு உதிர்வதைப் பார்த்துவிட்டு, "இதைக் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசிடுங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார். சான்று வந்துவிட்டது. முன்னாள் மாணவர்கள் சிலர் பணம் போட்டு, அவர் சொன்னபடியே சிமெண்ட் பூசினார்கள். ஐப்பசி கார்த்திகை மழை பெய்தது. பொங்கல் முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், நாலாம் வகுப்பு அறையில் பூச்சு பாயளவுக்குச் சுவரை விட்டு உப்பிக்கொண்டு நின்றது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அது விழுந்தது. பிள்ளைகள் யாரும் இல்லாத நாள்.

அப்புறம்தான் பழைய வீடுகளில் வேலை பார்த்துப் பழகிய ஒரு கொத்தனாரை, எழுபது வயசுக்காரர், நாங்களே வரவழைத்தோம். அவர் விரல் முட்டியால் சுவரை அங்கங்கே தட்டிக்கொண்டே போனார். அப்புறம் ஏணி போடச் சொல்லி, தேக்குக் கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். நல்ல தேக்கு அதை உள்ளே விடாது. அந்த இடத்தில் விரற்கடை அளவு உள்ளே போனது. "சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் ஆத்தா, ஓதம் ஏறும், வெயில்ல வெளியே போயிரும். இவங்க மூஞ்சியைப் பொத்திட்டாங்க. தண்ணி வெளியே போக வழியில்லாம கட்டை முனைக்குப் போயிருச்சு" என்றார். கூரையைத் தாங்குவதே அந்த முனைகள்தான். உறுதிச் சான்று கொடுக்கிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். எங்களிடம் இருக்கும் சான்றில் கட்டை என்ற வார்த்தையே இல்லை.

இப்போது நாலாம் வகுப்பு அறையோடு சேர்த்து இரண்டு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. நாலாம் வகுப்பு பட்டாலையில் நடக்கிறது.

2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். அதற்குப் பிறகுதான் சான்று, ஆய்வு என்று பள்ளிகளை இறுக்கினார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள், உடனே தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைப் பார்க்கச் சொல்லி உத்தரவு போனது. சான்று என்பது காகிதம் அல்ல, ஒரு ஆள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தன் பெயரைப் பணயம் வைத்துச் சொல்வது. அந்த ஆள் யார், அவருக்கு இந்த வேலை தெரியுமா என்பதை மட்டும் எங்கள் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. விலை என்ன என்பதுதான் அன்றைக்குப் பேச்சு.

என் பட்டறைக் கதை ஒன்று சொல்கிறேன். எங்களிடம் கல் வாங்க வருகிறவர்கள் விலை பேசுவார்கள், அது நியாயம். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வர்ண சிமெண்டை ஊற்றி, காய்ந்த கலவையைத் தூவி, மேலே சாந்து போட்டு எடுத்து, தண்ணீரில் ஊறப் போட்டு எடுக்கும் கல் இந்தப் பட்டறையிலும் அடுத்த பட்டறையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கையில் எடுத்துப் பார்த்து ஒப்பிடலாம். ஆனால் அதைத் தரையில் பதிக்க ஆள் வேண்டும் என்று கேட்கும்போது யாரும் சதுர அடிக்கு என்ன என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவதில்லை. 'அவர் எந்த வீட்டில் பதித்திருக்கிறார், போய்ப் பார்க்கலாமா?' என்றுதான் கேட்பார்கள். போய்ப் பார்க்கவும் செய்வார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பார்கள். இந்த ஊரில் பொருளுக்கு விலை கேட்பார்கள், கைவேலைக்குக் கையைப் பார்ப்பார்கள். வீட்டுத் தரைக்குச் செய்கிற இதைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

சாக்பீஸ், பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி வாங்கும்போது மூன்று விலைப்புள்ளி வாங்கிக் குறைந்த விலைக்குக் கொடுப்பதில் தப்பே இல்லை. பொறியாளர், ஆடிட்டர், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், மனநல ஆலோசகர், வக்கீல் இவர்களை எல்லாம் அதே தராசில் வைப்பதுதான் தப்பு. குறைந்த விலை சொல்கிறவர் எங்கே குறைக்கிறார்? அவர் விற்பது பொருள் இல்லை, குறைப்பதற்கு அவரிடம் இருப்பது நேரம் மட்டும்தான். ஏணி ஏறும் நேரத்தைத்தான் குறைப்பார்.

என் தம்பி நியூஜெர்சியில் இருக்கிறான். நான் போனில் இதையெல்லாம் சொல்லிப் புலம்பியபோது, அவன் பிள்ளைகள் படிக்கும் பள்ளி விஷயமாக உள்ளூர் செய்தித்தாளில் முன்பு வந்த ஒரு அறிவிப்பைப் படம் எடுத்து வைத்திருந்ததை அனுப்பினான். அங்கே 'பள்ளி மாவட்டம்' என்பது நம் சிவகங்கை மாவட்டம் மாதிரி இல்லை. பள்ளிகளுக்கென்றே தனி நிர்வாகம், அதற்கு ஒரு வாரியம், பெரும்பாலும் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. அந்த மாநிலச் சட்டப்படி வக்கீல், ஆடிட்டர், கட்டடக் கலைஞர் போன்ற தொழில்முறைச் சேவைகளுக்கு டெண்டர் கட்டாயம் இல்லை. முதலில் எனக்கே இது பகீரென்றது, டெண்டர் இல்லாவிட்டால் வேண்டியவனுக்குத்தானே கொடுப்பார்கள் என்று. ஆனால் விட்ட இடத்தில் இன்னொரு கட்டுப் போட்டிருக்கிறார்கள். வாரியம் பொதுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தீர்மானம் போட்டுத்தான் அமர்த்த வேண்டும், ஏன் டெண்டர் இல்லாமல் கொடுக்கிறோம் என்று அதில் காரணம் சொல்ல வேண்டும். என்ன வேலை, எத்தனை நாளைக்கு, எவ்வளவு தொகை என்று அறிவிப்பு வெளியிட வேண்டும். ஒப்பந்தத்தை யார் வேண்டுமானாலும் அலுவலகத்தில் வந்து பார்க்கலாம் என்றும் அதில் இருக்க வேண்டும். தம்பி அனுப்பிய அறிவிப்பு உள்ளங்கை அளவுதான், ஒரு ஆடிட்டர் சம்பந்தப்பட்டது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

டெக்சாஸில் இன்னும் ஒரு படி மேலே. பொறியாளரையும் கட்டடக் கலைஞரையும் விலைப் போட்டி வைத்து எடுக்கவே கூடாது என்று சட்டம். முதலில் திறமை, தகுதி இரண்டையும் பார்த்து ஒருவரை முடிவு செய்ய வேண்டும், அப்புறம் அவரிடம் நியாயமான விலை பேச வேண்டும். படியவில்லையா, அவரோடு பேச்சை முறைப்படி முடித்துவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். அமெரிக்க மத்திய அரசு வேலைகளுக்கு 1972-லேயே ப்ரூக்ஸ் சட்டம் என்று இதே கருத்தில் ஒன்று வந்துவிட்டது. அங்கே எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை, அங்கேயும் வேண்டியவர் வேண்டாதவர் உண்டு என்று தம்பியே சொல்கிறான். ஆனால் எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதில் அவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். தகுதி முதலில், விலை அப்புறம்.

நம்மிடம் சட்டம் இல்லாமலா இருக்கிறது? அரசுத் துறைகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 1998-லேயே ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டு வந்த மாநிலம் தமிழ்நாடு. 2000-இல் விதிகள் வந்தன, மாவட்டத்துக்கு ஒரு ஒப்பந்தப்புள்ளி இதழ் என்று அதில் இருக்கிறது. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது தரத்துக்கும் விலைக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் முறை இருக்கிறது. குறைந்த விலைதான் ஒரே வழி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பள்ளி அளவில், பதினைந்தாயிரம் இருபதாயிரம் ரூபாய் வேலைக்கு, இதெல்லாம் இறங்கி வருவதே இல்லை. அங்கே மூன்று காகிதம்தான் சட்டம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009 எங்களைப் போன்ற பெற்றோரை உள்ளே கொண்டு வந்தது. மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உதவிபெறும் பள்ளியில் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம் என்று 2012-இல் திருத்தம் வந்தது, அதை எங்களிடம் அடிக்கடி ஞாபகப்படுத்துவார்கள். சரி, ஆலோசனைதான். ஆலோசனை சொல்வதற்காவது விவரம் வேண்டாமா? விலைப்புள்ளியைக் கூட்டம் நடக்கும்போது நீட்டி அஞ்சு நிமிஷத்தில் கையெழுத்து வாங்கினால் எந்த அம்மா என்ன ஆலோசனை சொல்வாள்? என் பக்கத்தில் இருந்தவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர், எனக்கு முன்னாலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, கேட்க வாய் வரவில்லை என்று வெளியே வந்த பிறகு சொன்னார்.

தலைமை ஆசிரியர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் பயப்படுவது தணிக்கைத் தடைக்கு. அதிக விலை சொன்னவரை அமர்த்தினால் ஏன் என்று கேட்பார்கள், பதில் சொல்லி முடிக்கும்வரை ஃபைல் நகராது, ஓய்வு பெறும்போது அது வந்து நிற்கும். குறைந்த விலை அவருக்குக் கவசம். பிள்ளைகளுக்கு அது கவசம் இல்லை, அவ்வளவுதான். அவருக்கு வேறு கவசம் நாம்தான் கொடுக்க வேண்டும். இன்னாரை, இந்தத் தகுதிக்காக, இந்த இரண்டு கட்டடங்களில் அவர் செய்த வேலையை நேரில் பார்த்துவிட்டு, இந்தத் தொகைக்கு அமர்த்துகிறோம் என்று தீர்மான நோட்டில் நாலு வரி எழுதி, குழுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் எந்தத் தணிக்கையாளரிடமும் அதைக் காட்டலாம். நகரத்தார் ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்கள், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனைக்கூட வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்தாள், மேலாள் என்று ஏற்றினார்கள். ஐந்தொகை என்கிற இருப்புக் கணக்குப் போட்டால் காலணா விட்டுப்போகாது. ஆளையும் பார்த்தார்கள், கணக்கையும் எழுதினார்கள்.

தகுதியைப் பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. ஆடிட்டர் கொடுக்கும் சான்றில் 2019-லிருந்து யு.டி.ஐ.என். என்று 18 இலக்க எண் இருக்க வேண்டும், இணையத்தில் போட்டால் அது உண்மையா என்று உடனே தெரிந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை. சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற சிறப்பாசிரியர்களுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளிக்கு ஒரு தடவை 'கவனக்குறைவுக்குப் பயிற்சி' என்று ஒரு நிறுவனம் வந்து பிள்ளைக்கு இவ்வளவு என்று வசூலித்துவிட்டுப் போனது, அவர்கள் யார் என்று இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி உள்ளே வந்தவர்கள் என்.சி.சி.யே இல்லை என்பது மாணவிகளுக்குக் கொடுமை நடந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. நீங்கள் யார், யார் அனுப்பினார்கள் என்று உரிய அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். பெண் பிள்ளை வைத்திருக்கிற எனக்கு அந்தச் செய்தியை முழுதாகப் படிக்க முடியவில்லை.

கல்வித் துறையிடமும் பள்ளித் தாளாளர்களிடமும் நான் கேட்பது இதுதான். இப்படி ஒரு சேவைக்கு ஆள் அமர்த்துவதற்கு ஒரு வாரம் முன்னாலாவது விவரத்தைக் குழு உறுப்பினர்களிடம் கொடுங்கள். விலை எழுதிய கவரை அப்புறம் பிரியுங்கள். முதலில் அவர் இதற்கு முன் செய்த வேலை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், முடிந்தால் நாங்களே போய்ப் பார்க்கிறோம், பஸ் காசுகூட வேண்டாம். முடிவானதும் பெயர், வேலை, தொகை, காலம் நாலையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் நாலாவது பிரிவே யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது, நாங்கள் மனுப் போட்டு 30 நாள் காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை இது. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது, அரசுப் பள்ளியாக இருந்தால் அங்கேயும் வாசியுங்கள். அப்புறம், ஒரு தடவை அமர்த்தியவரையே வருஷா வருஷம் தொடர்வதாக இருந்தால், போன வருஷம் அவர் செய்தது எப்படி இருந்தது என்று ஆசிரியர்களையும் பெற்றோரையும் கேட்டுவிட்டுத் தொடருங்கள். எங்கள் பள்ளியில் சான்று கொடுத்தவரிடமே அடுத்த தடவையும் போவதாகத்தான் பேச்சு இருந்தது, பூச்சு விழுந்த பிறகுகூட. அவர் பெயர் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதாம்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துத்தான் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. அப்படிப் பள்ளிக்கும் படிப்புக்கும் அள்ளிக் கொடுத்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அவர்கள் கட்டிக் கொடுத்த சுவரைப் பார்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பது நம்மால் முடியாத காரியம் இல்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு உதவி. சுண்ணாம்புக் கட்டடமும் மெட்ராஸ் டெரஸும் பார்க்கத் தெரிந்த பொறியாளர்கள் மதுரை, திருச்சி, புதுச்சேரிப் பக்கம் இருப்பார்கள் என்று கொத்தனார் சொல்கிறார். உங்கள் வாசகர்களில் தங்கள் பள்ளிக்கோ கோயிலுக்கோ வீட்டுக்கோ அப்படி ஒருவரை வரவழைத்து, வேலையை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் பத்திரிகைக்கு எழுதச் சொல்லுங்கள், எங்கே போய்ப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்து. எங்கள் குழு அடுத்த மாதம் கூடுகிறது. மழைக்கு முன்னால் அந்தக் கட்டை முனைகளை யாராவது ஏணி போட்டு ஏறிப் பார்த்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
காரைக்குடி வட்டம்.